காட்டில் வழி வகுப்போர்

கலிபோர்னியா ராஜ்யத்தில், ஸான் பிரான்ஸிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தில், 1976-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி சில வாலிபர்கள் பழைய கனத்த சைக்கிள்களைக் காட்டுத்தீ அணைப்போருக்கென்று வெட்டிய ஒரு மண்சாலையின் உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒருவர்பின் ஒருவராக நேரம் குறித்துக்கொண்டு கீழே பாய்ந்தார்கள். சுமார் 3 கிலோமீட்டரில் ஏறத்தாழ 400 மீட்டர் இறங்கும் அந்தச் சாலையின் அடியை எட்டுவதற்குள், பின்சக்கரத்துப் பிரேக்கில் இட்டிருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துபோகும். இன்று உலகெங்கும் ஓடுகிற மலைச் சைக்கிளின் பூர்வோத்தரத்தில் அந்த இறக்கத்திற்குத் தனி இடம் உண்டு.

விளையாட்டு வளரவே விவகாரமும் வளர்ந்தது. அதே வட்டாரத்திலுள்ள டாமல்பைஸ் மலையின் சரிவுகள் மரின் மக்களின் குடிநீர்த் தேக்கங்களுக்கு நீர் தருபவை. ஆகையால் அவற்றைப் பரிபாலிப்பவர்கள், நடப்போரும் குதிரையேறிச் செல்வோரும் வெகுகாலமாகப் பயன்படுத்திவந்த ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் கூடாது என்றும், அகன்ற மண்சாலைகளிலும் மணிக்கு 15 மைல் வேகத்தைத் தாண்டலாகாது என்றும் விதி செய்தார்கள். விதியினால் ஆசை அவிந்துவிடுமா? அங்கும், உலகின் வேறு பல மலைகளிலும், எந்த வரைபடத்திலும் இல்லாத பாதைகள் புதருக்குள் ரகசியமாய் முளைத்தன.

இதைக் கேட்டவுடன் சைக்கிள்தான் காட்டுக்குச் சத்துரு என்று தீர்ப்பளித்துவிடுவது நியாயமாகாது. மொன்டானாவில் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நனைந்த பாதைகளில் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதர் காலடியுமே மண்ணை அதிகமாகப் பெயர்த்ததாகக் கண்டார்கள். கேட்டின் மூலம் பாதை அமைந்த விதத்திலும், அதைப் பின்னர் பேணுவாரில்லாத நிலையிலும் இருக்கிறது. திருட்டுத்தனமாக வெட்டுகிறவன் அவசரத்தில் மலையின் செங்குத்தான சரிவிலேயே நேர்கோடாக வெட்டிவிடுகிறான். வாய்க்காலுக்கு மடை வைக்கத் தெரியாதவன் வயலைப் பாழாக்குவதுபோல, அவன் மழைநீருக்கு ஓர் ஓடையைத் திறந்துவிட்டு, மண்ணும் வேரும் அரிக்கப்பட்ட பிறகு, பக்கத்திலேயே மற்றொரு பாதையைத் தொடங்கிவிடுகிறான். 1990-களின் நடுவில் அந்த மரின் மாவட்டத்திலேயே ஓக் இன மரங்களைத் திடீரென்று மடிவிக்கும் நோயொன்று தென்பட்டது. அதன் கிருமி சேற்றோடு டயரிலும் காலணியிலும் ஒட்டிக்கொண்டு பிரயாணம் செய்யக்கூடியது என்பதால், யாருக்கும் தெரியாத பாதை ஒவ்வொன்றும் யாரும் காவல் வைக்க இயலாத வாசலாகிறது.

நல்ல பாதையின் சாஸ்திரமோ எளியதே. 1988-இல் கலிபோர்னியாவில் சில சைக்கிள் கழகங்கள் கூடித் தோற்றுவித்த சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் அதைச் சில விதிகளாகத் தொகுத்துப் பரப்பியது: பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேற்படக் கூடாது, மொத்தத்தில் அது பத்து சதவீதத்திற்குள் நிற்பது நலம், பாதையின் மேற்பரப்பு பள்ளத்தின் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும், இறங்கிவரும் வழி இடையிடையே சிறிது ஏறி மறுபடி இறங்கினால், நீர் அந்தந்த இடத்திலேயே வெளியேறிவிடும். இவை அனைத்தும் நீருக்கு விலகிப்போக இடம் கொடுப்பது என்ற ஒரே உபாயத்தில் அடங்கும். ஆனால் இலை மூடி, மண் அடைத்து, அந்த இடங்கள் வருஷந்தோறும் தூர்ந்துபோகின்றன. அவற்றைத் திறந்துவிடுவதற்கு ஆள் வேண்டும், அனுமதி வேண்டும், பகிரங்கம் வேண்டும். ஒளித்துச் செய்த காரியத்திற்கு இம்மூன்றும் வாய்ப்பதில்லை.

ஆகவே இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் இரு தரப்பாருக்கும் கசக்கலாம். வெறும் தடைப்பலகையை நட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்றிருக்கும் அதிகாரி, ரகசியப் பாதைகளின் பிறப்பில் தமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டு, மிருகங்கள் ஈன்று வளர்க்கும் இடங்களையும் ஈரநிலங்களையும் விலக்கி, தாங்கக்கூடிய சரிவில் ஒரு வழியை ஒதுக்கித் தருவது விவேகம். அந்த வழியைப் பெறுகிற வாலிபரோ, வெட்டிய உற்சாகம் வடிந்த பிறகும் மழைக்காலந்தோறும் மண்வெட்டியோடு வரச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் இல்லாதவருக்கு வழி கேட்க யோக்கியதை இல்லை.