நொண்டும் நாய்க்குட்டியும் நெம்புகோலும்

நாய்க்குட்டி ஓடி வருவதைப் பார்ப்பதென்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அதன் பின்னங்கால்களை மட்டும் தனியாக உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? நல்ல குட்டி நிதானமாக ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டும் மாறி மாறித் தரையை உதைக்கும். சில குட்டிகளோ இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்து, முயலைப் போலத் தாவித் தாவி ஓடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். வீட்டிலுள்ளோர் சிரிப்பார்கள். ஐந்தாறு மாதம் சென்றபின் அதே குட்டி, படுத்த இடத்திலிருந்து எழத் தடுமாறும். மாடிப்படியின் கீழ் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் அது விளையாட்டல்ல, வலி என்பது புரியும்.

இந்தக் குறைக்கு 'ஹிப் டிஸ்பிளேசியா' என்று பெயர். இடுப்பு மூட்டின் வளர்ச்சிக் குறைபாடு என்று தமிழில் சொல்லலாம். நாய்களில் இதை முதன்முதலாக 1935இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல் விவரித்தார். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர் போன்ற பெரிய இனங்களில் இது அதிகம். மதுரையில் இன்று தெருவுக்கு ஒரு லாப்ரடாராவது இருக்கிறது. ஆகவே இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று.

மூட்டில் என்னதான் கோளாறு? உங்கள் பாட்டி வீட்டு ஆட்டுரலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழமான குழியில் குழவி கச்சிதமாக உட்கார்ந்திருந்தால், எப்படிச் சுற்றினாலும் நழுவாது. குழி ஆழமில்லாமல் தட்டைப் போலிருந்தால்? குழவி ஆடும்; விளிம்பில் இடிக்கும். நாயின் தொடை எலும்புத் தலை குழவி. இடுப்பு எலும்பிலுள்ள கிண்ணம் குழி. பிறக்கும்போது இந்த மூட்டு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வளர வளர, அதைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளர்ந்து, எலும்புத் தலை கிண்ணத்தில் நிலைகொள்ளாமல் ஆடத் தொடங்குகிறது. ஆடுகிற எலும்பைச் சுற்றிக் கிண்ணமும் ஆழமாக உருவாவதில்லை.

இங்கே நீங்கள் பாடத்தில் படித்த ஒரு சூத்திரம் வேலை செய்கிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அல்லவா? நல்ல மூட்டில் எலும்புத் தலையும் கிண்ணமும் அகலமான பரப்பில் தொட்டுக்கொண்டிருக்கும். தளர்ந்த மூட்டில் அவை சிறிய விளிம்பில் மட்டும் தொடுகின்றன. எடை அதேதான்; பரப்பு குறைந்துவிட்டது. ஆகவே அழுத்தம் ஏறுகிறது. மூட்டை மூடியுள்ள குருத்தெலும்பு, பனிக்கட்டியின் மீது பனிக்கட்டி வழுக்குவதைவிட எளிதாக வழுக்கும் அருமையான பொருள். ஆனால் அது ஒருமுறை தேய்ந்துவிட்டால் பழையபடி வளர்வது அரிது. எனவேதான் இந்த நோய் ஆயுள் முழுதும் உடன் வருகிறது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். என் வகுப்பு மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை வந்து கேட்டார்: "சார், எங்க வீட்டு நாய்க்குட்டிக்கு இடுப்புல கோளாறாம். டாக்டரே ஆயுசுக்கும் தீராதுன்னு சொல்லிட்டாரு. ரிங் ரோட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுறலாம்னு வீட்ல பேசுறாங்க. தீராதுன்னா அப்புறம் எதுக்கு சார் மெனக்கெடணும்?"

கேள்வி கொடுமையானதாகத் தோன்றினாலும், அதைக் கேட்டவர் கொடுமைக்காரர் அல்லர். நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். 'தீராது' என்ற சொல்லைக் கேட்டதும் 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று பொருள் கொள்கிறோம். இவை இரண்டும் ஒன்றல்ல என்பதே என் வாதம். மூட்டின் வடிவம் நம் கையில் இல்லை. அந்த மூட்டின் மேல் விழும் சுமை நம் கையில்தான் இருக்கிறது. சுமையைக் குறைப்பது பெரும்பாலும் இயற்பியல்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 30 செ.மீ. அளவுகோலின் நடுவில் ஒரு பென்சிலை வையுங்கள். ஒரு பக்கம், பென்சிலிலிருந்து 9 செ.மீ. தூரத்தில் ஒரு நாணயம். மறுபக்கம் 3 செ.மீ. தூரத்தில் எத்தனை நாணயம் வைத்தால் சமநிலை வரும்? மூன்று. அப்படியானால், அளவுகோலின் எடையை விட்டுவிட்டால், நடுவிலிருக்கும் பென்சில் தாங்குவது எத்தனை நாணயம்? நான்கு! ஒரு நாணயத்தைத்தானே தூக்க நினைத்தோம்? இடுப்பு மூட்டும் இப்படிப்பட்ட நெம்புகோலின் தாங்குபுள்ளிதான். உடல் எடை மூட்டிலிருந்து தள்ளி விழுகிறது. அதைச் சமன்செய்யும் தசையோ மூட்டுக்கு மிக அருகில் பிடித்து இழுக்கிறது. ஆகவே தசை கூடுதல் விசையோடு இழுக்க வேண்டும். அந்த இழுப்பையும் மூட்டே தாங்க வேண்டும். எடுத்துக்கொண்ட தூரங்கள் சோதனைக்கானவை. நாயின் அளவுகள் அல்ல. ஆனால் விதி ஒன்றே. நாயின் உடலில் ஒரு கிலோ கொழுப்பு கூடினால், மூட்டுக்கு அது வெறும் ஒரு கிலோ அன்று.

இதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்று உண்பதைவிட அதன் இணைக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுதும் கவனித்தார்கள். 2002இல் முடிவுகள் வெளியாயின. அளவாக உண்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறும் மூட்டுத் தேய்வும் அளவாக உண்டவற்றில் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன. விலையுயர்ந்த மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தட்டில் கொஞ்சம் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? அன்பு என்றால் ஊட்டுவது என்றே பழகிவிட்டோம். காலையில் பிஸ்கட், மத்தியானம் சோறு, இரவு நாம் சாப்பிடும்போது வாலாட்டினால் பரோட்டாத் துண்டு. பிறந்தபோது ஏறத்தாழ 400 கிராம் இருந்த லாப்ரடார் குட்டி, ஓராண்டில் 28 கிலோ ஆகிறது என்றால் 70 மடங்கு! மனிதக் குழந்தை ஓராண்டில் மூன்று மடங்கே எடை கூடுகிறது. இந்த வேகத்தில் வளரும் மூட்டுக்கு மேலும் சுமை ஏற்றுவது நியாயமா? "எலும்பு உறுதிப்படட்டும்" என்று தாமாகவே கால்சியம் பொடி கொடுப்போரும் உண்டு. பெரிய இனக் குட்டிகளின் குடல், மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் குறைந்தது. அளவு மீறினால் எலும்பு வளர்ச்சியே கெடும்.

எடை சரியா என்று எப்படி அறிவது? நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். 74 கிலோவும் 48 கிலோவும் காட்டினால் நாய் 26 கிலோ. பெரிய நாயென்றால் வீட்டுப் பெரியவர் தூக்கட்டும். அடுத்து, விலாவை விரல்களால் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

அடுத்தது உராய்வு. இப்போது மதுரையில் கட்டும் வீடுகளில் எல்லாம் பளபளக்கும் டைல்ஸ், கிரானைட். நமக்கு அழகு, தளர்ந்த மூட்டுள்ள குட்டிக்கு அது கண்ணாடி மேல் நடப்பது போல. கால்கள் இருபுறமும் விரிந்து வழுக்கும்போது எலும்புத் தலை கிண்ணத்தை விட்டு வெளியே தள்ளப்படுகிறது. அது நடமாடும் வழியில் சணல் சாக்கையோ தென்னை நார் மிதியடியையோ நகராதபடி விரித்தால் போதும். உராய்வு எண் கூடும், வழுக்கல் நிற்கும். நார்வே நாட்டில் பெரிய இனக் குட்டிகளைக் கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து மூன்று மாதத்துக்குள் அன்றாடம் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இந்நோயின் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மென்மையான, சற்று மேடுபள்ளமான தரையில் தம் விருப்பப்படி ஓடியாடிய குட்டிகளுக்குக் குறைவாக இருந்தது. திருமங்கலத்துக் கரிசல் காடும், மேலூர்ப் பக்கத்து வயல் வெளியும், ஊர்தோறும் உள்ள கண்மாய்க் கரையும் நமக்கு எதற்கு இருக்கின்றன?

"வலிக்கிறதே, கட்டிப்போட்டு ஓய்வு கொடுப்போம்" என்பது மற்றொரு தவறான இரக்கம். ஓய்வில் தசை மெலியும். மூட்டைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தசையேதான். ஒரே மூச்சில் நெடுந்தூரம் ஓட விடாமல், சிறிது சிறிதாகப் பலமுறை நடத்த வேண்டும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் தார்ச்சாலை அதன் பாதத்தைப் பொசுக்கிவிடும் என்பதால் விடியற்காலையே நல்ல நேரம்.

தண்ணீர் இன்னும் நல்லது. ஆர்க்கிமிடீசின் தத்துவம் இங்கே மருத்துவமாகிறது. நீருக்குள் நின்ற நாய்களின் கால்கள் தாங்கும் எடையை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். கணுக்கால் அளவு நீரில் அவை 91 சதவீத எடையைத் தாங்கின. முழங்கால் அளவில் 85 சதவீதம். இடுப்பு அளவில் 38 சதவீதம் மட்டுமே. சுமை குறைந்தும் தசைக்கு வேலை குறைவதில்லை. நகரங்களில் இதற்கெனத் தனித் தொட்டிகள் வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். நம் கிராமத்துப் பம்புசெட்டுத் தொட்டியில் இடுப்பளவு நீரும் ஒரு பெரியவரின் துணையும் இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நடத்தலாம். கிணறும் ஆழமான கண்மாயும் வேண்டாம்.

இவையெல்லாம் மருத்துவருக்கு மாற்றல்ல. எக்ஸ்ரே படம் பார்த்து நோயின் அளவைச் சொல்ல வேண்டியவர் அவர். வலிக்கு மருந்தும் அவரே தர வேண்டும். வீட்டு மாத்திரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்; நமக்கு வலி போக்கும் இபுப்ரோபன் நாய்க்கு நஞ்சாகும். சில நாய்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். எல்லா முயற்சிக்குப் பிறகும் வலி அடங்காத நாய்களும் உண்டு. அவற்றைப் பற்றிய முடிவை மருத்துவரோடு சேர்ந்தே எடுக்க வேண்டும். ஆனால் அது கடைசிப் படி. ரிங் ரோடு எந்தப் படியும் ஆகாது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மேலே சொன்ன மாணவருக்கு நான் சொன்ன யோசனை ஒன்றுதான்: "ஒரு நோட்டுப் போடுங்கள்." வாரம் ஒருமுறை எடை, தினமும் நடந்த நிமிடங்கள், காலையில் எழுந்து சரியாக நடக்க எடுத்துக்கொண்ட நேரம் ஆகிய மூன்றையும் குறித்து, வரைபடத்தாளில் கோடு போடச் சொன்னேன். இரண்டு மாதத்தில் எடைக்கோடு இறங்கியது. எழும் நேரமும் குறைந்தது. அந்தத் தாளை அவர் தம் அப்பாவிடம் காட்டினார். அதன்பின் வீட்டில் ரிங் ரோட்டுப் பேச்சு எழவில்லை. குட்டி இன்னும் நொண்டுகிறது. நொண்டிக்கொண்டே வாசலுக்கு ஓடி வருகிறது.

இனி, வாங்குமுன் யோசிக்க வேண்டியதைப் பார்ப்போம். இந்நோயில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு; பல ஜீன்கள் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. அமெரிக்காவில் 1966 முதலே தாய் தந்தை நாய்களின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துத் தரம் பிரிக்கும் அமைப்பு இயங்கி வருகிறது. நாமோ நிறத்தையும் முகத்தையும் பார்த்து வாங்குகிறோம். தாய் நாய் எப்படி நடக்கிறது என்று கேட்கிறோமா? எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இல் விதி வந்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? விற்பவரிடம் எக்ஸ்ரே கேட்கும் வழக்கம் வாங்குவோரிடம் வந்தால்தான், விற்போரிடம் எடுக்கும் வழக்கம் வரும். நோயுள்ள நாயை எக்காரணத்தைக் கொண்டும் இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. அதைப் பேணுவது கருணை. அதைக் கொண்டு குட்டி விற்பது கருணையல்ல.

அறிவியல் என்றால் நோயை ஒழிப்பது மட்டுமே என்று நாம் பழகியிருக்கிறோம். ஒழிக்க முடியாத நோயோடு ஓர் உயிர் வலி குறைந்து வாழ வழி செய்வதும் அறிவியலே. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஓர் எடைக் கருவி, ஒரு சணல் சாக்கு, ஒரு நோட்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு வேண்டிய பொறுமை ஆகியவை போதும். முதல் மூன்றும் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். நான்காவதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.