ரங்கூன் குறிப்புகள்: கருப்பி முழுங்கின நூல்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் காலியாக் கிடந்ததுக்குக் காரணம் ஒரு கோழி. பேர் கருப்பி. அது செத்துப் போச்சு. செத்ததுக்குக் காரணம் நான்.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. எம்.ஏ. ஆய்வுக்காக யாங்கூன் வந்து ஏழு மாசம் ஆகுது. வீட்டுல இருந்தபடியே சம்பாதிக்கிற பெண்களோட ஒரு நாள் எப்படிப் பங்கு பிரியுதுங்கிறதுதான் தலைப்பு. வடக்கு ஒக்கலாப்பாவில் ஒரு தமிழ் அத்தை வீட்டு மாடி அறையில குடியிருக்கேன். சொந்த அத்தை இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தை ஆயிட்டாங்க. அவங்க பையன், 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததும் மலேசியாவுக்குப் போயிட்டான். அந்த அறைதான் எனக்கு.

வடக்கு ஒக்கலாப்பா பழைய ஊர் இல்லை. 1958 முதல் 1960 வரை இருந்த ராணுவக் காபந்து அரசு நகரத்துக் குடிசைகளைக் காலி செய்து, மக்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து குடிவைத்த புறநகர்களில் ஒன்று. தெற்கு ஒக்கலாப்பாவும் தக்கேட்டாவும் அப்படி வந்ததுதான். நடு நகரத்துல ஆறு மாடி ஏழு மாடிக் கட்டடம், பால்கனியில ரெண்டு தொட்டிச் செடி, அவ்வளவுதான். இங்கே சின்ன மனையா இருந்தாலும் தரை இருக்கு. தரை இருந்தா தமிழச்சி சும்மா இருப்பாளா?

அத்தை பண்றது மூணு வேலை. ஒண்ணு, ஒட்டுப்போர்வை தைக்கிறது. யாங்கூனைச் சுத்தி ஏகப்பட்ட ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. அங்கிருந்து வர்ற வெட்டுத்துணியை மூட்டைக் கணக்கில வாங்கி, சதுரமா வெட்டி, ஒட்டி, உள்ளே பழைய கம்பளியோ லுங்கியோ வெச்சு, மூணு அடுக்கையும் சேர்த்து மிஷின்ல வரி வரியா ஓட்டுறது. ரெண்டாவது தோட்டம். புளிச்சகீரை, வல்லாரை, முருங்கை, ஒரு கறிவேப்பிலை. மூணாவது, பதினோரு கோழி. (இப்போ பத்து.)

ஆய்வுக்கு வந்த புதுசுல, நோட்டுல கட்டம் போட்டு மூணு வேலைக்கும் நேரம் குறிச்சேன். காலை ஆறு முதல் எட்டு தோட்டம், அப்புறம் தையல், இப்படி. அத்தை பார்த்துட்டுச் சிரிச்சாங்க. "இந்த டைம்டேபிளை கரண்டு ஆபீஸுக்கும் கோழிக்கும் ஒரு காப்பி அனுப்பிடு புள்ள."

உண்மைதான். 2021க்குப் பிறகு இங்கே மின்சாரம் படிப்படியா மோசமாகிட்டே வந்திருக்கு. நாட்டோட மின்சாரத்துல பெரும்பங்கு அணைகள்ல இருந்து வருது, கோடையில தண்ணி இறங்கினா கரண்டும் இறங்கிடும். எங்க தெருவுல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருந்தா அது நல்ல நாள். வந்ததும் தெருப் பிள்ளைங்க மொத்தமா "மீ லா பீ"ன்னு கத்தும். கரண்ட் வந்தாச்சுன்னு அர்த்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா பிள்ளைங்க கத்தாது, அத்தை எழுந்திருப்பாங்க. குழாயில தண்ணி ஏத்தணும், சோறு வைக்கணும், மிஷின்ல உட்காரணும்.

மிஷின் பழைய கறுப்பு சிங்கர். கால் மிஷின், பக்கத்துல ஒரு மோட்டார் மாட்டியிருக்கு. போர்வை தைக்கிறதுல சட்டைக்கு இல்லாத ஒரு தொல்லை உண்டு. மூணு அடுக்கும் ஒரே வேகத்துல நகராது. கீழ்த்துணியை மிஷின் பல்லு இழுக்கும், மேல்துணி பின்தங்கும், நடுவுல புடைச்சுக்கும். அதனால குண்டூசி போடுறதும் ஓட்டுறதும் நடுவுல இருந்து ஓரத்துக்குத்தான் போகணும். ஓரத்துல ஆரம்பிச்சா சுருக்கமெல்லாம் நடுவுல வந்து மாட்டிக்கும், பிரிக்கிறதைத் தவிர வழி இல்லை. ஒரு வரியைப் பாதியில நிறுத்தினா அங்கே ஒரு முடிச்சு, ஒரு கோணல். ஆனா கரண்ட் போறப்போ சொல்லிட்டா போகுது? அத்தையோட வைத்தியம்: கை சக்கரத்தைத் திருப்பி ஊசியைத் துணிக்குள்ளே இறக்கிடணும். ஊசி உள்ளே இருக்கிற வரைக்கும் மூணு அடுக்கும் நகராது. அப்புறம் மோட்டார் பெல்ட்டைக் கழட்டி, தோல் பெல்ட்டை மாட்டி, காலால மிதிச்சு அந்த வரியை முடிச்சுடலாம். ரெண்டு நிமிஷ வேலை, இருட்டுலயும் பண்ணுவாங்க.

(1964ல இங்கிருந்து கப்பலேறின என் பாட்டியும் ஒரு மிஷினை விட்டுட்டுத்தான் வந்தாங்க. கோபம் வந்தா இன்னும் அதைச் சொல்லுவாங்க. தாத்தாகிட்ட இல்லை, மிஷின்கிட்ட.)

கோழிக்கு இது தாய்நாடு. 2020ல வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, உலகத்து வீட்டுக்கோழி எல்லாம் தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பக்கத்துக் காட்டுக்கோழி இனம் ஒண்ணுல இருந்து வந்ததா சொல்லுது. அத்தைகிட்ட பெருமையாச் சொன்னேன். "அதான் இந்த ஆணவமா"ன்னாங்க. கோழிக்கும் தோட்டத்துக்கும் ஆகாது. விதைச்ச பாத்தியை அரை மணியில கிளறிப் போட்டுரும். ஆனா அதோட எச்சம் தோட்டத்துக்கு வேணும், அதுவும் பச்சையாப் போட்டா செடி கருகிடும், இலை தழையோட குவிச்சு மாசக்கணக்குல மக்க விடணும். அதனால இடுப்பளவு மீன்வலையில தோட்டத்துக்கு வேலி. கோழிகளைச் சாயங்காலம் நாலரைக்குத்தான் திறந்து விடுறது. இருட்டினா தானாக் கூட்டுக்குத் திரும்பிடும், துரத்த வேண்டாம். தீவனம் வர்ற பிளாஸ்டிக் சாக்குல மண் நிரப்பிப் புளிச்சகீரை. இங்கே அதுக்கு சின்பவுங்னு பேர், மழைக்காலத்துல அது இல்லாத பர்மியச் சாப்பாடே கிடையாது.

தீவனச் சாக்குன்னதும் ஒரு கிளைக்கதை. அமெரிக்காவுல 1930கள், 40கள்ல கோழித் தீவனமும் மாவும் பருத்திச் சாக்குலதான் வரும். கிராமத்துப் பெண்கள் அந்தச் சாக்கைப் பிரிச்சு உடுப்பும் ஒட்டுப்போர்வையும் தைக்கிறதைப் பார்த்த கம்பெனிக்காரங்க, சாக்குலயே பூப்பூவா டிசைன் அச்சடிக்க ஆரம்பிச்சாங்க. தீவனம் வாங்கப் போற புருஷன்கிட்ட, எந்தப் பூ வேணும்னு சொல்லி அனுப்பின காலம் அது. அத்தைக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பிளாஸ்டிக் சாக்கைத் தடவிப் பார்த்து, "நமக்கு வாய்ச்சது இது"ன்னாங்க.

சரி, கருப்பிக்கு வர்றேன்.

தடிஞ்சுட் பௌர்ணமிக்கும் தசாங்மோன் பௌர்ணமிக்கும் நடுவுல ஒரு மாசம் இங்கே கடெய்ன் காலம். மடங்களுக்குச் சீவர ஆடையும் மத்த சாமானும் தானம் கொடுப்பாங்க. ஷ்வேடகோன்ல ஒரே ராத்திரியில கைத்தறியில சீவரத் துணி நெஞ்சு முடிக்கிற போட்டிகூட உண்டு. பிக்குகளோட ஆடையே ஒட்டுத்துணிதான், தெரியுமா? மகத நாட்டு நெல்வயல் வரப்பு மாதிரி துண்டு துண்டா வெட்டித் தைக்கணும்னு புத்தர் ஆனந்தரிடம் சொன்னதா விநய நூல்ல இருக்கு. வயலைப் பார்த்துத் தைச்ச துணி. இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு காலையில பிச்சைக்கு வரிசையாப் போறவங்களைப் பார்த்தா, என் கண்ணு முதல்ல தையல் வரியைத்தான் தேடுது.

தெருக்கோடி பர்மியக் குடும்பம் ஒண்ணு கடெய்ன் தானத்துக்குப் பன்னெண்டு போர்வை சொல்லியிருந்தாங்க. அத்தைக்கு அந்த வருஷத்துல பெரிய ஆர்டர். பையன்கிட்ட இருந்து பணம் வர்றது ஒரு மாசம் உண்டு, ஒரு மாசம் இல்லை. நானும் கை கொடுத்தேன். மிஷின்ல என்னை இன்னும் நம்ப மாட்டாங்க, பிசிறு வெட்டுற வேலை. அன்னிக்குக் கரண்ட் இல்லை. வெளிச்சத்துக்காக முத்தத்துல பாய் போட்டு உட்கார்ந்து நூல் வால் எல்லாம் வெட்டினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. பொறுக்கிப் பையில போடணும்னு அத்தை பலதடவை சொன்னதுதான். போன் வந்தது, எழுந்து போயிட்டேன்.

கருப்பி அப்போ ஒன்பது முட்டையில அடையில இருந்துச்சு, பதிமூணாம் நாள். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒருதடவை, இருபது நிமிஷம்போல எழுந்து வந்து அவசர அவசரமாத் தின்னும், குடிக்கும், மண்ணுல புரளும், திரும்ப ஓடிடும். அந்த அவசரத்துல நூலெல்லாம் அதுக்குப் புழுவாத் தெரிஞ்சிருக்கு.

மறுநாள் தீனி எடுக்கலை. கழுத்தைக் கழுத்தை நீட்டுச்சு. வாயைத் திறந்து பார்த்தா நாக்கோட அடியில மஞ்சள் நூல் ஒரு சுத்து சுத்தி, மீதி தொண்டைக்குள்ளே போயிருந்தது. நான் இழுக்கப் போனேன். அத்தை கையைத் தட்டி விட்டாங்க. இழுத்தா உள்ளே அறுத்துடுமாம். சின்னக் கத்தரியால நாக்குச் சுத்தை மட்டும் வெட்டி எடுத்து, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தீனிப்பையை மெதுவாத் தேய்ச்சு விட்டாங்க. கல்லு மாதிரி இருந்தது. அப்படியும் அது போய் முட்டை மேலயேதான் உட்கார்ந்தது. பதினாறாம் நாள் காலையில உட்கார்ந்த வாக்குலயே போயிருச்சு. அடியில முட்டை சூடாவே இருந்தது.

எதிர்வீட்டு பர்மிய அம்மாகிட்ட ஒரு அடைக்கோழி இருந்தது. அதுங்கிட்ட வெச்சா பொழைக்கும். அத்தை போய்க் கேட்டாங்க. அந்தம்மா மாட்டேன்னுட்டாங்க. செத்த கோழியோட முட்டை, என்ன நோயோ? அவங்களைத் தப்புச் சொல்ல முடியாது. 2006ல மாண்டலே பக்கம் பறவைக் காய்ச்சல் வந்து, 2007ல யாங்கூனுக்கும் வந்தது. கோழிகளைக் கூட்டத்தோட அழிச்சாங்க. அதை நேர்ல பார்த்த தலைமுறை இது. திடீர்னு செத்த கோழியை இந்தத் தெருவுல யாரும் தின்னவும் மாட்டாங்க, தொடவும் மாட்டாங்க.

அத்தை ஒண்ணும் பேசலை. வீட்டுக்கு வந்து, வாய்க்குத் துணி கட்டி, கையில பிளாஸ்டிக் பையைச் சுத்தி, கருப்பியைப் பலகையில போட்டு, அந்தம்மாவை வேலிப்பக்கம் நிக்க வெச்சு, பிளேடால தீனிப்பையைத் திறந்தாங்க. உள்ளே நெல்லிக்காய் அளவுக்கு நூல் உருண்டை. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் தனித்தனியாத் தெரிஞ்சுது. அந்தம்மா நூலைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. எனக்கு பர்மியப் பேச்சு அரைகுறைதான், ஆனா அந்தப் பார்வைக்கு அகராதி வேண்டாம்.

பிறகு சம்மதிச்சாங்க. பொரிக்கிறதுல ரெண்டு குஞ்சு அவங்களுக்கு. ஆனா பகல்ல வெச்சா அடைக்கோழி கண்டுபிடிச்சுத் தள்ளிடும், இருட்டுல அடியில தள்ளினா தன் முட்டைன்னு நினைச்சுக்கும். அதுவரைக்கும் அட்டைப்பெட்டியில சுடுதண்ணிப் பாட்டில், சுத்தி ஒரு போர்வைத் துண்டு. நான் மணிக்கொரு தடவை தண்ணி மாத்தினேன். ராத்திரி ஏழுக்குக் கரண்ட் போனது. ஏழு மாசத்துல கரண்ட் போனதுக்கு நான் சந்தோஷப்பட்டது அன்னிக்கு மட்டும்தான். தெருவே இருட்டு. அந்தம்மா கையால ஒன்பதையும் ஒண்ணொண்ணா உள்ளே தள்ளினாங்க. கோழி ரெண்டுதடவை முனகிட்டு அடங்கிடுச்சு.

கருப்பியை முருங்கையடியில ஆழமாக் குழி வெட்டிப் புதைச்சோம். அத்தை என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மறுநாள் காலையில மூடி போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணும், கயிறு கட்டின காந்தம் ஒண்ணும் என் பாய்மேல இருந்தது. நூல் வால் பாட்டிலுக்குள்ளே, வேலை முடிஞ்சதும் பாயைச் சுத்திக் காந்தத்தை இழுத்துக்கிட்டே நடக்கணும், குண்டூசிக்காக. முதல் நாளே மூணு மாட்டுச்சு. அதுல ரெண்டு என்னது இல்லைன்னு நினைக்கிறேன், ஆனா சொல்லலை.

பன்னெண்டு போர்வையும் பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னாடி போய்ச் சேர்ந்தது. கடைசி ரெண்டுல நேர் வரிகளை நான் மிதிச்சேன். கையோட ஆள் இல்லாததால அத்தைக்கு வேற வழி இல்லை. ஒண்ணுல நடுவுல லேசாப் புடைப்பு இருக்கு. எந்தப் பிக்குவுக்குப் போச்சோ, மன்னிக்கணும்.

ஒன்பதுல ஆறு பொரிச்சுது. ரெண்டு எதிர்வீட்டுக்கு, நாலு எங்களுக்கு, ஆனா நாலும் இன்னும் அங்கேதான் வளர்ப்புத்தாய் றெக்கைக்குள்ளே கிடக்கு. இன்னிக்கு ஒன்பதாம் நாள். காலையில போய் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விட்டுட்டு வந்தோம், ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. குஞ்சைப் பிடிக்கிற வேலை எனக்கு. அந்தம்மா இப்போ என்னை மறுபடி "சயாமா"ன்னுதான் கூப்பிடுறாங்க, டீச்சர்னு அர்த்தம். நடுவுல பத்து நாள் எதுவுமே சொல்லிக் கூப்பிடலை.

வெளியே பிள்ளைங்க கத்துது. கரண்ட் வந்துருச்சு. தண்ணி மோட்டார் போடணும், அத்தை கீழே இருந்து பாபின் சுத்தித் தரச் சொல்றாங்க. அடுத்த ஞாயிறு பார்ப்போம்.