ஏற்றம் நமது, கொடை அறத்தினது

ஈஜிபுராவில் விடியுமுன் மிதிவண்டியை எடுப்போருக்கு நந்தி மலை பயிற்சிக்களம், நீலகிரி பெருங்கனவு. 2008ஆம் ஆண்டு தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' மிதிவண்டிப் பயணம் அக்கனவுக்கு வழிவகுத்தது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள், கால்களோடு மனவுறுதியையும் சோதிப்பவை. இத்தகைய பயணத்தை அறப்பணிக்கு நிதி திரட்டும் வாய்ப்பாக்குவோரை நாம் போற்றுகிறோம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பயணக் கட்டணமும் தங்கும் செலவும் வண்டிப் பராமரிப்பும் பயணம் செய்வோரின் சொந்தப் பொறுப்பாகவே இருத்தல் வேண்டும். அன்பர்கள் அளிக்கும் நிதி, ஒரு ரூபாயும் குறையாமல், அறக்கட்டளையின் வங்கிக் கணக்கிற்கு நேரே செல்லல் வேண்டும். இரண்டும் கலந்துவிட்டால் கொடுத்தவர் உள்ளத்தில் ஐயம் எழும். அடுத்து வந்து கேட்பவர் வெறுங்கையுடன் திரும்புவார். இழப்பு, உதவிக்குக் காத்திருக்கும் எளியோருக்கே.

வங்கிவழிக் கொடையால் நமக்கும் பயனுண்டு. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக அளித்தால் வருமான வரிக் கழிவு கிடைப்பதில்லை.

எனவே, அண்டை வீட்டு இளைஞர் நிதி கேட்டு வரும்போது அவர் ஏறவிருக்கும் மலையை வியந்து பாராட்டுவோம். அறக்கட்டளையின் கணக்கு எண்ணையும் தயங்காது கேட்போம். நல்ல நோக்கத்துடன் வந்தவர் அதனை மகிழ்வுடன் தருவார்.