பட்டியல் டெல்லியில், பங்கு சென்னையில்

2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் உள்ஒதுக்கீட்டு வழக்கில் தீர்ப்பு சொன்னார்கள். ஆறு பேர் ஒரு பக்கம், பேலா திரிவேதி மட்டும் மறுபக்கம். பட்டியல் சாதிகளுக்கான ஒதுக்கீட்டை உட்பிரிவு செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் உண்டு என்பது தீர்ப்பு. உடனே நம் சனங்களுக்குள் இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு தெருவில் 'முப்பது வருசப் போராட்டம் ஜெயிச்சிருச்சு' என்றார்கள். அடுத்த தெருவில் 'நம்மளப் பிரிக்க வச்ச வேட்டு இது' என்றார்கள். கோபமும் சந்தோசமும் இருக்கட்டும். கோர்ட் எந்த அதிகாரத்தை எவன் கையில் கொடுத்திருக்கிறது என்று இரண்டு தெருவிலும் எத்தனை பேர் கேட்டோம்?

கேட்டிருக்க வேண்டும். இந்த வழக்கு இருபது வருசம் இழுத்ததே அந்த ஒரு கேள்வியில்தான். மத்திய அரசு, மாநில அரசு, அதிகாரப் பங்கீடு என்பதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற சமாச்சாரம் என்று நம் மாணவத் தோழர்கள் நினைக்கிறார்கள். மாநில சுயாட்சி என்றால் கழகங்களின் மேடைப் பேச்சு என்று இயக்கத் தோழர்கள் நினைக்கிறார்கள். ஆனால் சேரிப் பிள்ளைக்கு சீட்டு உண்டா இல்லையா என்பது இந்தப் பங்கீட்டில்தான் முடிவாகிறது.

பட்டியல் எவன் கையில்?

முதலில் பட்டியல். அரசியல் சட்டத்தின் 341ஆவது பிரிவு சொல்வது இதுதான்: ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவை பட்டியல் சாதிகள் என்று குடியரசுத் தலைவர் ஆணை போடுவார். போட்ட ஆணையில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ பாராளுமன்றத்தால் மட்டுமே முடியும். சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, முதலமைச்சருக்கு இல்லை, ஐகோர்ட்டுக்கும் இல்லை. மாநில அரசு பரிந்துரைக் கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் பட்டியலில் 76 சாதிகள். அதில் ஏழு பெயர்களை ஒன்றாக்கி தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். மாநில அரசு குழு போட்டது, பரிந்துரைத்தது. ஆனாலும் 2021இல் பாராளுமன்றம் திருத்தச் சட்டம் போட்ட பிறகே பெயர் மாறியது. யாரையும் சேர்க்கவில்லை, யாரையும் நீக்கவில்லை, கூப்பிடுகிற பெயர் மட்டும்தான். அதற்கே டெல்லி போக வேண்டும்.

கிறிஸ்தவத் தலித்துகளின் கதை இதைவிடக் கொடுமை. 1950ஆம் வருச ஆணையின் மூன்றாம் பத்தி மதத்தைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, கிறிஸ்தவர் என்ற ஒரே காரணத்தால் அரசாங்கப் பெட்டிக்கடை கிடைக்கவில்லை. அதே தொழில் செய்த இந்துக்களுக்குக் கிடைத்தது. அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். அதுதான் சூசை வழக்கு. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று சொல்லி 1985இல் கோர்ட் கையை விரித்துவிட்டது. செருப்புத் தைக்கிறவனிடம் ஆய்வறிக்கை கேட்ட தீர்ப்பு அது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் போட்டது. நல்லதுதான். ஆனால் தீர்மானம் என்பது டெல்லிக்கு எழுதுகிற மனு. மனுவைப் போட்டுவிட்டு 'நாங்க செஞ்சிட்டோம்' என்று ஓட்டுக் கேட்க வந்தால் நம்பிவிடக் கூடாது.

இன்னொரு சங்கதி. 341இல் 'அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை' என்று இருக்கிறது. ஆந்திராவிலிருந்து வேலைக்காகப் பம்பாய் போனவரின் மகன், பழங்குடி மாணவர், மகாராஷ்டிராவில் மருத்துவ சீட்டு கேட்டார். 1990இல் சுப்ரீம் கோர்ட் மறுத்தது. ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி மூட்டை முடிச்சோடு கூட வராது என்றது. பட்டியல் சாதிக்கும் அதே விதிதான். நம்ம ஆள் பிழைக்கப் பெங்களூர் போனால் சாதி கூடவே பஸ் ஏறுகிறது, சலுகை மட்டும் ஓசூரோடு இறங்கிக்கொள்கிறது.

பங்கு எவன் கையில்?

பட்டியலில் உள்ளவர்களுக்கு எவ்வளவு, எப்படி என்பது வேறு அதிகாரம். மாநிலக் கல்லூரிகளிலும் மாநில வேலைகளிலும் அது 15(4), 16(4) பிரிவுகளின் கீழ் மாநில அரசின் கையில் இருக்கிறது. இந்த 15(4) எப்படி வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. பதினான்கு இடங்களில் நமக்கு இரண்டு. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த ஆணையை வெட்டி எறிந்தது. வழக்குப் போட்ட அந்த அம்மா மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது கோர்ட்டுக்கும் தெரியும். தெரிந்தேதான் வெட்டியது. தெருவில் போராட்டம் வெடித்தது. அதே வருசம் முதல் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. அப்போது சட்ட அமைச்சர் அம்பேத்கர்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், தீர்ப்பு என்பது கடைசி வார்த்தை இல்லை. 2018 மார்ச்சில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்களே, என்ன ஆயிற்று? ஏப்ரல் 2இல் நாடு முழுக்க பந்த். ஆகஸ்டில் பாராளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அடுத்த வருசம் கோர்ட்டே தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அந்த பந்தில் செத்துப்போனவர்கள் சட்டம் படித்தவர்கள் இல்லை.

இரண்டும் மோதிய இடம்

இப்போது உள்ஒதுக்கீட்டுக்கு வருவோம். ஆந்திராவில் 1994இல் மாதிகா தண்டோரா இயக்கம் எழுந்தது. 15 சதத்தையும் மேலே உள்ள சிலரே கொண்டுபோகிறார்கள், எங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு எங்கே என்று கேட்டது. 2000இல் அந்த மாநிலம் நான்கு பிரிவாகப் பிரித்துச் சட்டம் போட்டது. 2004இல் சின்னையா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். பட்டியல் சாதிகள் எல்லாம் சேர்ந்து ஒரே வகுப்பு, அதைப் பிரிப்பது பட்டியலில் கை வைப்பது, அது பாராளுமன்றத்தின் வேலை என்றார்கள். பஞ்சாபில் 1975 முதல் வால்மீகிகளுக்கும் மஜபி சீக்கியர்களுக்கும் இருந்த முன்னுரிமையும் இந்தத் தீர்ப்பைக் காட்டியே அடிபட்டது.

தமிழ்நாட்டில் நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் அறிக்கையை வைத்து 2009இல் அருந்ததியர் சட்டம் வந்தது. 18 சதத்துக்குள் 3 சதம். அதன் தலைக்கு மேலேயும் சின்னையா தீர்ப்பு கத்தியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கத்தியைத்தான் 2024 தீர்ப்பு இறக்கியது. யாரையும் பட்டியலிலிருந்து நீக்காமல், யாரையும் சேர்க்காமல், உள்ளே இருப்பவர்களுக்குப் பங்கு போட்டால் 341 மீறப்படவில்லை என்றது. அதாவது பட்டியல் டெல்லியில், பங்கு மாநிலத்தில். கூடவே இரண்டு நிபந்தனை. போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்று தரவு காட்ட வேண்டும். மொத்த ஒதுக்கீட்டையும் ஒரே பிரிவுக்குக் கொடுக்கக் கூடாது. தெலங்கானா 2025 ஏப்ரல் 14இல் மூன்று பிரிவாக 1, 9, 5 என்று நடைமுறைப்படுத்திவிட்டது.

அப்படியானால் மாநில உரிமை வாழ்க என்று கோஷம் போடலாமா? கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் மாநில உரிமை என்ற சொல்லைக் கையில் எடுத்தவர்கள் யார்? அடிமை முறையைக் காப்பாற்றியவர்கள், பிறகு கறுப்பர்களைத் தனிப் பள்ளியில் தள்ளியவர்கள். தனிப் பள்ளி சட்டவிரோதம் என்று 1954இல் பிரவுன் வழக்கில் அங்கே தீர்ப்பு வந்தது. 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையவிடாமல் ஆர்கன்சா மாநில ஆளுநர் காவல்படையை நிறுத்தினார். அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பித்தான் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போக வேண்டியிருந்தது. இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? வன்கொடுமைச் சட்டம் மத்தியச் சட்டம், போலீஸ் மாநிலத்தின் கையில். எப்.ஐ.ஆர். போடாத ஸ்டேஷன் டெல்லியில் இல்லை, நம்ம ஊரில்தான் இருக்கிறது. தனி ஊராட்சி என்று அறிவித்த பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து வருசம் தலைவர் தேர்தலை உருப்படியாக நடத்த விடாமல் செய்தது எந்த டெல்லிக்காரன்?

சரி, டெல்லி நமக்கு நல்லதா? 2019 ஜனவரியில் உயர்சாதி ஏழைகளுக்கு 10 சதம். மக்களவையில் ஒரு நாள், மாநிலங்களவையில் மறுநாள், முடிந்தது. வருசம் எட்டு லட்சத்துக்குக் கீழே சம்பாதிப்பவர் ஏழையாம். சேரியில் உள்ள ஏழைக்கு அதில் இடமில்லை. 2022இல் மூன்றுக்கு இரண்டு என்று கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. நம் பங்கைப் பிரிக்கத் தரவு கேட்கிறார்கள், அவர்களுக்கு இரண்டே நாளில் பரிமாறினார்கள்.

எனவே டெல்லியா சென்னையா என்பது நம் கேள்வி இல்லை. எந்தக் கதவில் எந்தச் சாவி என்று தெரிந்து வைத்துக்கொள்வதே நம் வேலை.

நம் நிலை

இனி வீட்டுக்குள் பேச வேண்டியதைப் பேசுவோம். உள்ஒதுக்கீடு தலித் ஒற்றுமையைக் குலைக்கும் என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவன் யார் என்று பார்த்துவிட்டு அப்புறம் ஒற்றுமை பேசுங்கள். மலம் அள்ளுவதை 2013இல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். சாவு நிற்கவில்லை. துப்புரவு வேலை தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டப்பட்டதோ அவன் பிள்ளைக்கு மூன்று இடம் முதலில் என்றால், பறையரும் பள்ளரும் அதைத் தங்கள் கோரிக்கையாகவே பேச வேண்டும். மேல்சாதிக்காரனிடம் நாம் எந்த நியாயத்தைச் சொல்லிப் பங்கு கேட்டோமோ அதே நியாயம்தான் இது. வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவன் சொல்லும்போது மட்டும் கசக்கிறது என்றால் கோளாறு நியாயத்தில் இல்லை.

எதிர்ப்புச் சொல்பவர்களிடம் ஒரு நேர்மையான குறையும் உண்டு. 3 சதத்தை வாங்கிய பிறகு மீதி 15லும் போட்டி போட்டால் மற்றவர்களின் பங்கு குறையாதா என்கிறார்கள். வாய்ச்சண்டையால் இது தீராது. 76 சாதிக்கும் துறைவாரியாக, பதவிவாரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கை மாநில அரசு வெளியே வைக்கட்டும். புதிரை வண்ணார் எத்தனை பேர் அரசு வேலையில் இருக்கிறார்கள்? அவர்களுக்காகக் குரல் கொடுக்கக்கூட நம்மில் ஆளில்லை. கணக்கு வந்தால் 3 போதுமா, 15ஐ எப்படிப் பிரிப்பது என்று உட்கார்ந்து பேசலாம். கணக்கு வராமல் நாம் அடித்துக்கொண்டால் நிரப்பாமல் கிடக்கிற பின்னடைவுப் பணியிடங்களைப் பற்றி எவனும் கேட்க மாட்டான். அரசாங்கத்துக்கு அது வசதி.

ஒன்றை மட்டும் உறுதியாக எதிர்க்க வேண்டும். அதே தீர்ப்பில் நான்கு நீதிபதிகள் நம்மிலும் 'கிரீமி லேயர்' பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வழக்கில் அது கேள்வியே இல்லை. கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில் யாரையும் கட்டுப்படுத்தாது. உள்ஒதுக்கீடு ஒரு சமூகத்தின் பங்கு. கிரீமி லேயர் ஒரு குடும்பத்தின் சம்பளக் கணக்கு. தாசில்தார் ஆனாலும் ஊர்க்கோயிலுக்குள் விடாதவன், சம்பளச் சீட்டைப் பார்த்தா தீண்டாமை பார்க்கிறான்? முதல் தலைமுறை படித்தவனை வெளியே தள்ளினால், தகுதியானவர் இல்லை என்று இடத்தைக் காலியாகப் போடுவதற்குத்தான் வழி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவன் உள்ஒதுக்கீட்டுக்கும் நண்பன் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கல்லூரியில், பல்கலைக்கழகத்தில் எஸ்.சி., எஸ்.சி.(ஏ), எஸ்.டி. ரோஸ்டர் எப்படி ஓடுகிறது, எத்தனை இடம் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இயக்கத் தோழர்களுக்கு ஒன்று. வன்கொடுமைச் சட்ட விதிப்படி முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு வருசத்துக்கு இரண்டு முறையும், கலெக்டர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காராதீர்கள், அது டெல்லி வேலை. எங்கள் பங்கு எங்கே என்று டெல்லிக்குத் தந்தி அடிக்காதீர்கள், அது கோட்டை வேலை. மூன்று சாதித் தோழர்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கோட்டைக்குப் போய்க் கணக்கைக் கேட்போம். முதல் கையெழுத்தை அருந்ததியத் தோழர் போடட்டும்.