"மிஸ்... ஒன்னுக்கு!"

காலையில் நிரப்பிக் கொடுத்த வாட்டர் பாட்டில், சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறதா? வந்ததும் வராததுமாகப் பையை வீசிவிட்டு பாத்ரூமுக்கு ஓடுகிறாளா உங்கள் மகள்? கொஞ்சம் விசாரியுங்கள்.

டீச்சரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு விரல் தூக்கினால், பின்னாலேயே பத்து விரல் எழும்பும். எது நிஜம், எது சாக்கு? "இன்டர்வெல்ல போ, உட்காரு" என்றுதான் வாயில் வரும். அம்மாக்களோ, "ஸ்கூல் பாத்ரூம் சரியில்லை, தண்ணி கம்மியா குடி" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

ஏழு வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை சுமார் 270 மில்லிதான் கொள்ளும். அடக்கியே பழகினால் முழுதும் காலியாகாமல் தேங்கும், கிருமி பெருகும். பெண் குழந்தைக்குச் சிறுநீர்ப் பாதை குட்டை, தொற்று சுலபமாக ஏறும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வேறு. இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்த, தொல்லை இரட்டிப்பு. எரிச்சல், காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள்.

என் கட்சி இதுதான்: கேட்டால் அனுப்பிவிடுங்கள், டீச்சர்! ஒவ்வொருவராகப் போகட்டும். பத்துப் பேர் ஏமாற்றினாலும் போவது கொஞ்ச நேரப் பாடம். நிஜமாகவே முட்டிக்கொண்டு நிற்கும் ஒருத்தியைத் தடுத்தால், போவது அவள் உடம்பும் மானமும்.

ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். பெற்றோர்களே, அடுத்த மீட்டிங்கில் மார்க்கை விசாரிக்குமுன் அங்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். குழந்தை கேட்கமாட்டாள், அடக்கிக்கொள்வாள்.