கலஞ்சோ பூக்கவில்லையா? ராத்திரி லைட்டைக் கவனியுங்கள்!

அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு கலஞ்சோ செடி வாங்கிக் கொடுத்தேன். கொத்துக்கொத்தாக ஆரஞ்சு நிறப் பூக்கள். ஒன்றரை மாதம் ஹாலே களைகட்டியது. பூ உதிர்ந்த பிறகு ஒரு வருடம் வெறும் இலைதான். "உரம் போட்டாச்சு, தண்ணி ஊத்தியாச்சு... தூக்கிப் போட்டுடலாமா?" என்றார் அம்மா.

வாங்கிய நர்சரியிலேயே கேட்டேன். அங்கிருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி ஹால்ல லைட்டை எப்ப அணைப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நைட் ஷிஃப்ட் முடித்து நான் வீடு வரப் பதினொன்றரை ஆகும். அதுவரை அம்மா டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். பூ வராததற்குக் காரணம் அந்த வெளிச்சம்தான்!

கலஞ்சோவின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. 'கட்டிப் போட்டால் குட்டி போடும்' என்று நாம் புத்தகத்துக்குள் வைத்து விளையாடிய ரணகள்ளிக்குச் சொந்தக்காரச் செடி. இரவு நீளமாக இருந்தால்தான் இது மொட்டு வைக்கும். நடுவில் லைட் எரிந்தால், பகல் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு இலையை மட்டும் வளர்க்கும்.

பூக்க வைப்பது எப்படி?

* காய்ந்த பூக்காம்புகளை அடியோடு நறுக்கிவிடுங்கள்.

* நவம்பரில் தொடங்குங்கள். வெயில் காலச் சூட்டில் மொட்டு வருவது தள்ளிப்போகும்.

* மாலை 6 மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியால் செடியை மூடி, காலை 8 மணிக்குத் திறங்கள். தினமும் 14 மணி நேர இருட்டு, ஆறு வாரம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது.

* பகலில் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வையுங்கள்.

* மேல் மண் காய்ந்த பிறகே தண்ணீர். சதைப்பற்றுள்ள செடி என்பதால் ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

* தழைச்சத்து அதிகமுள்ள உரம் வேண்டாம். இலைதான் பெருகும்.

* மொட்டு நன்றாகத் தெரிந்ததும் மூடுவதை நிறுத்திவிடலாம். அது விரிய இன்னும் சில வாரங்கள் ஆகும், பொறுமை தேவை.

ஓர் எச்சரிக்கை: வீட்டில் பூனை, நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். இந்தச் செடியை மென்றால் அவற்றுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். இதயத் துடிப்பும் பாதிக்கப்படலாம்.

எங்கள் வீட்டில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிதான் செடிக்குப் போர்வை. நவம்பர் முதல் வாரம் ஆரம்பித்தோம். டிசம்பர் கடைசியில் இலைகளுக்கு நடுவே பச்சைப் பச்சையாக மொட்டுகள். பிப்ரவரியில் பழையபடி ஆரஞ்சுக் கொத்து!

"லைட்டை அணைச்சிட்டுத் தூங்குங்கம்மா, என்கிட்ட சாவி இருக்கு" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அம்மா கேட்பதாக இல்லை. இன்றும் நான் வரும்போது ஹாலில் லைட் எரிகிறது.