ஜப்பானிய மொழி கத்துக்க இங்கிலீஷ் எதுக்கு?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பான்ல சொல்ற வார்த்தை "இத்தெ கிமஸ்". இத்தெ என்றால் போய். கிமஸ் என்றால் வருகிறேன். அவ்வளவுதான், நம்ம "போயிட்டு வரேன்". இங்கிலீஷ் வழியா ஜப்பானிய மொழி சொல்லித்தரும்போது இதைத் தனியா ஒரு பெட்டிக்குள்ள போட்டு, இது ஒரு வழக்குத்தொடர், அப்படியே மனப்பாடம் பண்ணுங்கன்னு சொல்வாங்க. உங்களுக்கும் எனக்கும் இதுல மனப்பாடம் பண்ண என்ன இருக்கு?

நான் சொல்ல வர்றது இதுதான். ஜப்பானிய மொழி கத்துக்க இணையத்துல இலவசமாவே நிறைய கிடைக்குது. அதுல பெரும்பகுதி இங்கிலீஷ்ல யோசிக்கிறவங்களுக்காக எழுதினது. பாடம் அவங்களோடதா இருக்கட்டும், யோசனை மட்டும் தமிழ்ல இருக்கட்டும். எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச ஆள்தான் இதைச் சொல்றேன்.

ஏன் இவ்வளவு அழுத்தமா சொல்றேன்னா, என் லேப் பார்ட்னர் கெலமங்கலம் பக்கம். வீட்டுல தெலுங்கு, அரசுப் பள்ளியில தமிழ் மீடியம், 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சேர்ந்தவன். ஜப்பானிய மொழி படிக்கலாம்னு ஒரு பயிற்சி மையத்துக்குப் போனான். "முதல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் முடிச்சுட்டு வாங்க தம்பி"ன்னு அனுப்பிட்டாங்க. அவனும் நம்பிட்டான். ஜப்பானுக்குப் போற ரோட்டுல நடுவுல இங்கிலீஷ்னு ஒரு டோல்கேட் இருக்கு, அங்கே கட்டணம் கட்டினாதான் தாண்ட முடியும்னு எத்தனையோ பேர் நினைச்சுட்டு இருக்காங்க. அப்படி ஒரு டோல்கேட்டே கிடையாது.

நம்ம ஊருக்கு ஜப்பான் ஒண்ணும் புதுசு இல்லை. ஓசூர்ல டிவிஎஸ்ஸும் சுசுகியும் 1980-களில் இருந்து 2001 வரைக்கும் கூட்டா வண்டி தயாரிச்சாங்க. 2002-ல டிவிஎஸ் மோட்டாருக்கு ஜப்பானோட டெமிங் பரிசு கிடைச்சது. எல்லை தாண்டினா பிடதியில டொயோட்டா, நரசாபுரத்துல ஹோண்டா. இன்பிளான்ட் ட்ரெயினிங் போன எல்லாருக்கும் கைசன், கான்பான், கெம்பா, போகா-யோகே தெரியும். 5எஸ் போர்டுல இருக்கிற செய்ரி, செய்தோன், செய்சோ எல்லாம் ஜப்பானியச் சொற்கள்தான். சிப்காட்ல ஷிப்டு பாக்கிற அண்ணன்கள் இதையெல்லாம் இங்கிலீஷ் இலக்கணம் படிச்சுட்டா கத்துக்கிட்டாங்க?

இப்ப விஷயத்துக்கு வருவோம். "நேற்று வாங்கிய புத்தகம்." ஜப்பானியத்துல "கினோ கத்த ஹொன்". கினோ நேற்று, கத்த வாங்கிய, ஹொன் புத்தகம். ஒரு சொல் கூட இடம் மாறலை. இங்கிலீஷ்ல இதையே சொல்லணும்னா புத்தகத்தை முன்னாடி கொண்டு வந்து, நேற்றைக் கடைசிக்குத் தள்ளணும். அதனாலதான் இங்கிலீஷ் பாடங்கள்ல இதுக்கு ஒரு முழு அத்தியாயம். நம்ம பள்ளிக்கூடப் பசங்களுக்கு இது வெறும் பெயரெச்சம்.

"மழை பெய்யும் என்று நினைக்கிறேன்": "அமெ க ஃபுரு தொ ஒமொய்மஸ்". அந்த "தொ" இருக்கே, அதுதான் நம்ம "என்று". "தபெதெ மிமஸ்": சாப்பிட்டுப் பார்க்கிறேன். மிமஸ் என்பது கண்ணால பார்க்கிற அதே பார்தான். ஒரு வேலையைச் செஞ்சு சோதிக்கிறதுக்கு "பார்" போடணும்னு ஜப்பான்காரங்களுக்கும் தோணியிருக்கு, நமக்கும் தோணியிருக்கு. "ஓசூர் நி சுந்தெ இமஸ்": ஓசூர்ல வசிச்சிட்டு இருக்கேன். இங்கிலீஷ் தளங்கள் "தெ-ஃபார்ம்"னு பேர் வச்சு பயமுறுத்துற சமாச்சாரம் பெரும்பாலும் நம்ம வினையெச்சம். போய், வந்து, சாப்பிட்டு, பார்த்து. இதை நீங்க மூணு வயசுலயே முடிச்சாச்சு.

இன்னும் ஒண்ணு சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. தரெ என்றால் யார். தரெமொ யாரும். தரெக யாரோ. நானி என்ன, நானிமொ எதுவும். "உம்"முக்கு மொ, "ஓ"வுக்கு க. கொரெ, சொரெ, அரெ, தொரெ என்று ஒரு வரிசை வரும். கொரெ இது, அரெ அது, தொரெ எது. நடுவுல சொரெ, கேட்கிறவர் பக்கத்துல இருக்கிறது. தமிழ்ல அதுக்குச் சொல் இல்லைன்னு நினைக்காதீங்க, யாழ்ப்பாணத்துல இன்னைக்கும் "உது"ன்னு சொல்றாங்க.

தெலுங்கு, கன்னடம் பேசுற நண்பர்களே, உங்களுக்கும் இதே வசதி உண்டு. வினை கடைசியில வர்ற மொழிதான் அதுவும். நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் இரண்டு மூணு மொழி பேசுறவங்க, எதுல சுலபமோ அதுல யோசிங்க.

உடனே யாராவது வாட்ஸ்அப்ல வந்த "ஜப்பானிய மொழி தமிழிலிருந்து பிறந்தது" செய்தியை எனக்கு அனுப்புவீங்க. அந்தக் கருத்தை முன்வச்சவர் சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழியறிஞர். யாழ்ப்பாணத்து சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோட சேர்ந்து ஆய்வு செஞ்சாங்க. ஆனா பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏத்துக்கலை. கொரிய மொழியும் துருக்கி மொழியும் கூட வினையைக் கடைசியிலதான் வைக்குது. ஒரே மாதிரி கட்டின வீடெல்லாம் ஒரே கொத்தனார் கட்டினதா இருக்கணும்னு இல்லை. பெருமைக்காக இல்லாம, ஒரு கருவியா இந்த ஒற்றுமையைப் பயன்படுத்துங்க.

தமிழ் கைவிடற இடங்களும் இருக்கு. "வ"வுக்கும் "க"வுக்கும் எழுவாயில என்ன வித்தியாசம்னு தமிழ் வச்சுப் புரிஞ்சுக்க முடியாது. கஞ்சி எழுத்துக்கு யாரும் உதவ மாட்டாங்க. ஜப்பான் அரசு வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியல்லயே 2136 இருக்கு. எல்லாத்தையும் விட முக்கியம், ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்துல எழுதிப் படிக்காதீங்க. ஜப்பானியத்துல தங்கத்துக்கு ஒரு சொல், வெள்ளிக்கு ஒரு சொல். முதல் ஒலி மட்டும்தான் வேற. தமிழ்ல எழுதினா ரெண்டுமே "கின்". நகைக்கடையில என்ன ஆகும்னு யோசிங்க! இந்தக் கட்டுரையில நான் தமிழ்ல எழுதியிருக்கிற உச்சரிப்பையும் முழுசா நம்பாதீங்க. ஹிரகனா அடிப்படை எழுத்து 46. 247 எழுத்தைத் தாண்டி வந்தவங்க நாம, ஒரு வாரம் போதும். குறில் நெடில் மட்டும் நம்ம சொத்து: ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி. இங்கிலீஷ்காரங்க இதுல தடுமாறுவாங்க, நீங்க மாட்டீங்க.

எதுல படிக்கலாம்? ஜப்பான் ஃபவுண்டேஷனோட "இரொதொரி" மூணு புத்தகம், ஒலிப்பதிவோட இலவசம். ஜப்பான்ல போய் வாழ்றவங்களுக்காக எழுதினது, கடை, பஸ், வேலையிடம்னு பேச்சு இயல்பா இருக்கும். என் முதல் ஓட்டு இதுக்குத்தான். இலக்கணத்துக்கு டே கிம் எழுதின வழிகாட்டி. இங்கிலீஷ்லதான் இருக்கு, ஆனா உதாரணங்களை மட்டும் எடுத்து ஒவ்வொண்ணுக்கும் கீழே தமிழ்ல சொல்லுக்குச் சொல் எழுதிப் பாருங்க. விளக்கத்துல பாதி தேவைப்படாது. சொற்களுக்கு அங்கி. அந்தப் பேரே ஜப்பானியத்துல மனப்பாடம்னு அர்த்தம். ஆண்ட்ராய்டுல இலவசம். டூயோலிங்கோவை பஸ்ல நேரம் போக்க வச்சுக்கோங்க, அதை மட்டும் நம்பி ஜெஎல்பிடி எழுதப் போகாதீங்க. அந்தத் தேர்வு ஜூலையிலும் டிசம்பர்லயும் முதல் ஞாயிறு, சென்னை, பெங்களூரு ரெண்டு இடத்துலயும் மையம் இருக்கு. பேச்சுத் தேர்வே அதுல கிடையாது, அதனால என்4 சான்றிதழ் வச்சுக்கிட்டு இன்டர்வியூவுல வாய் திறக்காம உட்கார்ற நிலைமை வரலாம். தினமும் சத்தமா படிங்க.

இதுல எனக்கு உறுத்துறது ஒண்ணு. என்எச்கே வேர்ல்ட் 48 பாடம் கொண்ட தொடக்கநிலை ஜப்பானியப் பாடத்தை இந்தி, வங்காளம், உருதுல எல்லாம் தருது, தமிழ்ல இல்லை. ஜிஷோ மாதிரி அகராதிகளுக்கு அடியில இருக்கிறது ஜிம் பிரீன் 1991-ல தொடங்கின திட்டம். அந்தத் தரவு திறந்த உரிமத்துல இருக்கு, ஜெர்மன், ரஷ்யன், ஹங்கேரியன் பொருள் கூட சேர்த்திருக்காங்க. தமிழ் இல்லை. யாரோ வெளியாள் வந்து செய்வாங்கன்னு காத்திருக்க வேண்டாம், அந்த ஹங்கேரியனையும் ஹங்கேரிக்காரங்க யாராவதுதான் எழுதியிருப்பாங்க.

2010-க்கு முன்னாடி இருந்த ஜெஎல்பிடி கடைசி நிலைக்கு அதிகாரப்பூர்வமா 800 சொல், 100 கஞ்சி. அதை வச்சு ஒரு அங்கி கட்டு தமிழ்ல செய்யலாம். ஒரு பக்கம் ஹிரகனா, மறுபக்கம் தமிழ்ப் பொருள், கூடவே சொல்லுக்குச் சொல் தமிழாக்கத்தோட ஒரு வாக்கியம். எட்டுப் பேர், ஆளுக்கு 100. செமஸ்டர் விடுமுறையில முடிஞ்சுடும். தெலுங்கு, கன்னடம் சேர்க்கவும் நம்மகிட்ட ஆள் இருக்கு. லேப் பார்ட்னர் தெலுங்குக்கு ஒத்துக்கிட்டான். தமிழ்ல முதல் நூறு என்னோடது. மீதி ஏழு பேர் இந்த இதழோட மெயிலுக்குப் பேர் கொடுங்க.